கசப்பா, துவர்ப்பா? ஹாப் மணக்கும் லாகரைச் சுவைத்து அறியும் முறை

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் பழகிய வியாபாரி, பழத்தை அமுக்கிப் பார்க்கும் முன் காம்புப் பக்கம் மூக்கை வைப்பார். தானாகப் பழுத்ததா, கல் வைத்துப் பழுத்ததா என்று அறுக்காமலே சொல்லிவிடுவார். அதே ஊரில் பீர் கிளாஸ் கைக்கு வந்தால் மட்டும் மூக்குக்கு வேலையே இருப்பதில்லை, நேராகத் தொண்டைக்குப் போய்விடுகிறது. பல் கூசும் குளிரில், மணம் அதிகம் இல்லாத பீரையே குடித்துப் பழகியதால் வந்த வழக்கம் அது. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப் என்ற கொடியின் கூம்பு, லாகர் என்பது குளிரில் நொதிக்கவிட்ட பீர். ஹாப் தூக்கலான, சிறு ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் லாகரை அப்படிக் குடித்தால் கொடுத்த காசில் பாதி வீண். அதன் மதிப்பில் பெரும்பகுதி மூக்கில்தான் இருக்கிறது.

இந்த வழிகாட்டி முதல் முறையாக அப்படி ஒரு லாகரைக் கவனித்துச் சுவைக்கப் போகிறவர்களுக்கானது. 21 வயது நிறையாதவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், மதுவோடு சேரக் கூடாத மாத்திரை எடுப்பவர்கள் சமையலறைப் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அவற்றுக்கு ஒரு சொட்டு பீர்கூடத் தேவையில்லை.

கிளாஸில் இருப்பது என்ன

மால்ட் நமக்குப் புதிதல்ல. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதையே பார்லியில் செய்தால் பார்லி மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. வெந்நீரில் கரைத்ததும் அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கேஸாகவும் மாற்றும்.

லாகர் ஈஸ்டின் பெயர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். இது 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் மெதுவாக வேலை செய்யும். பிறகு பீரை 0 டிகிரியை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் தேக்கி வைப்பார்கள். சேமித்து வைப்பது என்ற ஜெர்மன் சொல்லிலிருந்துதான் லாகர் என்ற பெயரே வந்தது. ஏல் வகை பீரில் ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேலை செய்து வாழைப்பழ வாசம் போன்ற பழ மணங்களைத் தானே உண்டாக்கிவிடும். லாகர் ஈஸ்ட் அப்படிச் செய்யாது. அதனால் லாகரில் ஹாப் வெளிச்சம் போட்டதுபோல் தெரியும். தப்பு இருந்தால் அதுவும் அப்படியே தெரியும், மறைக்க இடமில்லை.

ஹாப் ஒரு கொடி. கம்பிகளில் ஏற்றிவிட்டால் பாகற்கொடிபோல் சுற்றிக்கொண்டு பல அடி உயரம் போகும். பெண் கொடியில் வரும் சிறு பச்சைக் கூம்புகளைப் பிய்த்தால் உள்ளே மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். லுபுலின் என்கிற அந்தப் பொடியில்தான் எல்லாம் இருக்கிறது. அதன் ஆல்ஃபா அமிலங்கள் ஒரு மணி நேரம் கொதித்தால் உருமாறிக் கசப்பாகும். அதன் எண்ணெய்களோ கொதியில் ஆவியாகிப் போய்விடும். ஆகவே கசப்புக்கு ஹாப்பைக் கொதியின் தொடக்கத்தில் போடுவார்கள், மணத்துக்குக் கொதி இறங்கும் நேரத்தில் போடுவார்கள். இன்னும் மணம் வேண்டுமென்றால் நொதித்து முடிந்த குளிர்ந்த பீரிலேயே ஊறவைப்பார்கள். அதை டிரை ஹாப்பிங் என்பார்கள். ரசத்தில் மிளகைக் கொதிக்க விடுவதும், இறக்கிய பிறகு கொத்தமல்லித் தழை தூவுவதும் எப்படி வேறு வேறு வேலையோ, அப்படி.

லேபிளில் வரும் பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. 1842இல் பில்சன் நகரில் ஜோசப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகர்தான் பில்ஸ்னர்களின் மூலம். அதில் செக் நாட்டு ஸாட்ஸ் ஹாப் சேர்த்தார்கள். ஜெர்மன் பில்ஸ் அதைவிட ஒல்லியாக, முடிவில் வறண்டதாக இருக்கும். இத்தாலியன் பில்ஸ் என்பது பில்ஸ்னரை டிரை ஹாப் செய்தது. 1996இல் பிர்ரிஃபிச்சியோ இத்தாலியானோ என்ற பீர் ஆலை வெளியிட்ட டிப்போபில்ஸ் அதற்கு முன்னோடி. வெஸ்ட் கோஸ்ட் பில்ஸ், இந்தியா பேல் லாகர் என்று போட்டிருந்தால் அமெரிக்க ஹாப்களின் பழ மணமும் பிசின் மணமும் தூக்கலாக வரும். நியூசிலாந்து பில்ஸில் எலுமிச்சை, வெள்ளைத் திராட்சை மணம் எதிர்பார்க்கலாம்.

கசப்பை ஐபியு என்ற எண்ணில் குறிப்பார்கள். ஒரு லிட்டரில் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் கசப்பு அமிலம் இருக்கிறது என்பது அதன் பொருள். ஜெர்மன் பில்ஸ் 22 முதல் 40 வரை, செக் பில்ஸ்னர் 30 முதல் 45 வரை போகும். அந்த எண்ணை மட்டும் நம்பி ஆர்டர் செய்ய வேண்டாம். மால்ட் இனிப்பு கூடுதலாக இருந்தால் 40கூட மென்மையாகத் தெரியும். வறண்ட பீரில் 28 சுருக்கென்று ஏறும்.

மூக்குக்கு முதலில் அஞ்சறைப் பெட்டி

புதியவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: ஏதோ வாசனை வருகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மூக்கு சரியாகவே வேலை செய்கிறது, வாசனைக்கும் பெயருக்கும் இடையிலுள்ள கயிறுதான் கட்டப்படவில்லை. அதைக் கட்ட ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் போதும். ஹாப் எண்ணெயில் இருக்கும் முக்கியப் பொருள்கள் நம் வீட்டிலேயே கிடக்கின்றன.

பத்துத் தனியாவை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி உடையுங்கள். உடைந்த நொடியில் எழுகிற மணத்தைக் கவனியுங்கள். சாம்பார்ப் பொடி வாசனையில் சேராத, பூவும் எலுமிச்சையும் கலந்த ஒன்று முதல் சில நொடிகள் மட்டும் மேலே நிற்கும். அது லினலூல். தனியா எண்ணெயில் பெரும்பங்கு அதுதான், ஹாப்பின் பூ மணத்திலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சில நொடி கழித்து மீண்டும் முகர்ந்தால் மரவாசம்தான் மிஞ்சியிருக்கும். மேல்மணம் எவ்வளவு சீக்கிரம் பறந்துவிடும் என்பதைத் தனியா மாதிரி எதுவும் சொல்லித் தராது.

அடுத்து மிளகு. நுணுக்கியதும் காரத்துக்கு அடியில் வரும் மரவாசம் காரியோஃபிலின், அது ஹாப்பிலும் இருக்கிறது. ஸாட்ஸ், ஹல்லர்டாவ் போன்ற ஐரோப்பிய ஹாப்களில் மூலிகை, மிளகு, காய்ந்த புல் என்று சொல்லப்படும் மணத்தின் பக்கம் இது உங்களைக் கொண்டுபோகும். ஆரஞ்சுத் தோலை மூக்கருகே மடக்கிப் பிழிந்தால் தெறிப்பது லிமோனீன். ரோஜாவில் ஜெரானியால் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் பூங்கொத்துக்காக வளர்க்கிற ரோஜா இதற்கு உதவாது, பலவற்றில் மணமே இருக்காது. நாட்டுப் பன்னீர் ரோஜாவாகப் பாருங்கள்.

மாம்பழம் நம் பக்கத்துக்குக் கிடைத்த வரம். ஹாப் எண்ணெயில் முதன்மையான மிர்சீன் மாங்காயிலும் உண்டு. சீசனில் ஒரே ரகத்தில் மூன்று காய் எடுத்துக்கொள்ளுங்கள்: மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த காய், செங்காய், முழுதாகக் கனிந்தது. காயின் காம்பை முறிக்கும்போது பீறிடும் பாலின் மணத்தைத் தள்ளி நின்று முகருங்கள், தோலில் பட்டால் புண்ணாகிவிடும். பிசினும் பச்சையுமாகக் குத்துகிற அந்த மணம், அமெரிக்க ஹாப்களில் பைன் மரப் பிசின் என்று எழுதுவார்களே, அதற்கு மிக அருகில் நிற்கிறது. செங்காயின் தோல் மணமும் கனிந்த பழத்தின் சதை மணமும் சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்களில் வரும். சிட்ரா போட்ட லாகரில் மாம்பழ வாசனை என்று லேபிள் சொன்னால், எந்தப் பருவத்து மாம்பழம் என்று உங்களால் திருப்பிக் கேட்க முடியும். இந்த வசதி உலகத்தில் பல பீர் ரசிகர்களுக்குக் கிடையாது.

கடைசியாக முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன், பிரெட்டின் ஓரத் துண்டு, ஒரு மேரி பிஸ்கட். மால்ட் பக்கத்துக்கு இவை மூன்றும் போதும்.

கசப்பும் துவர்ப்பும்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர்கள் பலர் இரண்டையும் கசப்பு என்ற ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அறுசுவை சொல்லி வளர்ந்த நமக்கு அந்தக் குழப்பம் வரக் கூடாது. கசப்பு நாக்கில் உணரும் சுவை. துவர்ப்பு வாய் முழுதும் இழுத்துப் பிடிக்கிற உணர்வு, எச்சிலின் வழுவழுப்பு போய் ஈறும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரக்கும். நல்ல ஹாப் லாகரில் கசப்பு தெளிவாக வந்து, நின்று, தேய்ந்து போக வேண்டும். துவர்ப்பு தலைகாட்டினால் காய்ச்சியதில் எங்கோ பிசகு.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். 200 மில்லி வெந்நீரில் ஒரு டீஸ்பூன் காய்ந்த வேப்பம்பூ போட்டு 10 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 200 மில்லி வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் டீத்தூள் போட்டு, பால் சர்க்கரை இல்லாமல் அதே 10 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். இரண்டும் ஆறட்டும். வேப்பம்பூ நீரை ஒரு வாய் குடித்துவிட்டு மனதுக்குள் இருபது எண்ணுங்கள். கசப்பு எந்த எண்ணில் உச்சத்துக்கு வந்தது, எந்த எண்ணில் இறங்கத் தொடங்கியது? பிறகு தண்ணீர் குடித்து, சில நிமிடம் விட்டு, டீயை ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் சுழற்றி விழுங்குங்கள். நாக்கால் மேல் ஈறைத் தடவிப் பாருங்கள். அந்தச் சொரசொரப்புதான் துவர்ப்பு.

இப்போது மீதி வேப்பம்பூ நீரைச் சமமாக இரண்டு கிளாஸில் பிரித்து, ஒன்றில் மட்டும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை கலக்குங்கள். இரண்டிலும் கசப்புப் பொருளின் அளவு ஒன்றே, ஆனால் சர்க்கரை சேர்த்ததில் கசப்பு பாதியாகிவிட்டதுபோல் தோன்றும். ஐபியு எண் தனியாக எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது.

நாக்கின் அடிப்பகுதியில் மட்டும்தான் கசப்பு தெரியும் என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த நாக்குப் படத்தை மறந்துவிடுங்கள், அது தவறு. கசப்பு நாக்கு முழுவதும் தெரியும். ஆனால் விழுங்கிய பிறகு நெடுநேரம் தங்குவது அடிநாக்கில் என்பதால் விழுங்காமல் துப்பினால் பாதிச் சேதி தவறிவிடும். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவார்கள். பீரில் ஒரு வாயாவது விழுங்கியே ஆக வேண்டும்.

எங்கே, எவ்வளவு

நம் பகுதிக்குப் பக்கத்தில், அங்கேயே காய்ச்சிப் பரிமாறும் லாகர் கிடைப்பது பெங்களூரு மைக்ரோப்ரூவரிகளில். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90. பைக்கும் காரும் வேண்டாம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, சந்தாபுரா வழியாகப் போகும் பேருந்தில் பொம்மசந்திராவில் இறங்கினால், 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை நகருக்குள் கொண்டுபோகும். தர்மபுரிக்காரர்களுக்குப் பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாக ரயில் பாதை இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை, பேருந்துதான்.

கணக்கைப் பாருங்கள். 5 சதவீத லாகர் 100 மில்லி வீதம் நான்கு கிளாஸ் குடித்தால் உடலுக்குள் போவது 20 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறத்தாழ 16 கிராம். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த நான்கு சிறு கிளாஸை வேகமாகக் குடித்தாலே வரம்பைத் தாண்டிவிடலாம். அளவாகத்தானே குடித்தேன் என்ற பேச்சு ஊதச் சொல்லும்போது எடுபடாது. அங்கே பாட்டிலிலோ கேனிலோ வாங்கி ஊருக்கு எடுத்து வரும் எண்ணமும் வேண்டாம். வெளி மாநில மதுவை அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம்.

மாலைக் கூட்டத்துக்கு முன், பகல் மூன்று மணி வாக்கில் போங்கள். சாம்ப்ளர் என்று கேட்டால் சிறு கிளாஸ்களில் பல வகை வரும். பரிமாறுபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த லாகர் எப்போது தொட்டியிலிருந்து இறங்கியது, என்ன ஹாப், டிரை ஹாப் செய்ததா. பதில் தெரியாவிட்டால் காய்ச்சுபவரை அழைத்து வரச் சொல்லலாம். அக்கறையுள்ள இடத்தில் அவரே வந்து பேசுவார். லாகருக்கு வாரக்கணக்கில் தொட்டி அடைபடும் என்பதால் எல்லா இடத்திலும் எப்போதும் இருக்காது. போகும் முன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

போகும் நாளில் நெற்றியில் சந்தனம், தலையில் மல்லிகை, கையில் சென்ட் எதுவும் வேண்டாம், பக்கத்தில் உட்காருபவருக்கும் அது தொல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பே காபி, வெற்றிலை, மிளகாய்க் காரம் எல்லாம் நிறுத்தப்பட வேண்டும். வெறும் வயிற்றில் போகாதீர்கள், தயிர்ச்சோறோ இட்லியோ சாப்பிட்டுப் போங்கள். இடையிடையே நாக்கைத் துடைக்க உப்பில்லாத பொரி ஒரு பிடி நல்லது, உப்பு பிஸ்கட்டைவிட எச்சம் குறைவு.

கிளாஸ், குளிர், நுரை

எவர்சில்வர் டம்ளர் கூடாது, நிறமும் தெரியாது, மணமும் நிற்காது. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடி கிளாஸ் வேண்டும், ஒயின் கிளாஸ்கூடப் பரவாயில்லை. கிளாஸின் சுத்தம்தான் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கோ பாத்திரம் தேய்க்கும் சோப்போ துளி இருந்தாலும் நுரை அமுங்கிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. கிளாஸைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்துப் பிடியுங்கள். தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. பீர் ஊற்றிய பிறகு உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டாலும் அழுக்கு என்றே பொருள்.

ஃப்ரீசரில் உறையவைத்த கிளாஸை மறுத்துவிடுங்கள். உட்புறப் பனி கரைந்து பீரில் கலக்கும், நுரை தாறுமாறாகப் பொங்கும், குளிரில் மணம் எழவே எழாது. ஹாப் லாகருக்கு ஏற்றது 5 முதல் 7 டிகிரி. 4 டிகிரி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேனை நம் ஊர் கோடையில் பத்து நிமிடம் வெளியே வைத்தால் ஏறத்தாழ அங்கே வந்து நிற்கும்.

ஊற்றும்போது கிளாஸை 45 டிகிரி சாய்த்து, சுவரில் வழியுமாறு பாதி வரை ஊற்றுங்கள். பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் நுரை எழும். இரண்டு விரல் உயரம் நிற்கட்டும். நுரையே வராமல் ஊற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. அது தப்பு. வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் ஹாப் எண்ணெயை மேலே தூக்கி வருகிறது. வெளியேற வேண்டிய கேஸும் அப்போதே கொஞ்சம் வெளியேறுவதால் வயிறு உப்பாது. ஹாப்பின் கசப்பு அமிலங்கள் மால்ட்டின் புரதத்தோடு சேர்ந்து நுரையை இறுக்குகின்றன. அதனால்தான் நல்ல ஹாப் லாகரைக் குடிக்கக் குடிக்க, ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையமாகக் கிளாஸின் உட்புறத்தில் வெள்ளைச் சரிகை ஒட்டிக்கொண்டே இறங்கும்.

முகர்ந்து, குடித்து, விழுங்கி

பார்ப்பதற்கு ஐந்து நொடி போதும். வெளிர் வைக்கோல் நிறத்திலிருந்து பொன்னிறம் வரை எதுவும் சரி. டிரை ஹாப் செய்ததில் லேசான மங்கல் இருக்கலாம், அது குறையல்ல.

முகர்வதில்தான் நேரம் செலவிட வேண்டும். ஊற்றியவுடன் கிளாஸை மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாகக் கடக்க விடுங்கள். தனியா உடைத்தபோது முதலில் பறந்ததே, அந்த வகை மணங்கள் இப்போதுதான் கிடைக்கும். பிறகு மூக்கை விளிம்புக்குள் விட்டு இரண்டு மூன்று குட்டி மூச்சு. நீளமாக இழுக்காதீர்கள், மூக்கு மரத்துவிடும். மூன்றாவதாகக் கிளாஸைக் கையால் மூடி, மெல்லச் சுழற்றி, கையை எடுத்தவுடன் முகருங்கள். மூக்கு சோர்ந்தால் வெறும் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டு வாருங்கள், உங்கள் தோலின் வாசனை மூக்குக்குப் பழக்கமானது, அது திரும்ப நிலைக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: பூவா, பழமா, தோலா, புல்லா, மிளகா, பிசினா? ஹாப்புக்கு அடியில் பிரெட் ஓரமோ பிஸ்கட்டோ தெரிகிறதா என்றும் பாருங்கள். மால்ட் அறவே காணோம் என்றால் ஹாப் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு மேசைக்கரண்டி அளவு வாய்க்குள் எடுங்கள். நாக்கு முழுதும் படரவிட்டு மூன்று எண்ணி விழுங்குங்கள். வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் இந்த மணம், நேரே முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். எலுமிச்சையாக முகர்ந்தது இங்கே எலுமிச்சைத் தோலாகவோ இலையாகவோ மாறலாம். நம்பிக்கை வராவிட்டால் அடுத்த வாய்க்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, பிறகு விடுங்கள். மூக்கு அடைந்திருக்கும்வரை இனிப்பும் கசப்பும் மட்டும், விட்டதும் மணம் குப்பென்று வரும்.

முதல் வாயைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது நாக்கைத் தயார்படுத்த மட்டும். இரண்டாவதில் இனிப்பைத் தேடுங்கள். மூன்றாவதில் வேப்பம்பூப் பயிற்சியில் செய்ததுபோல் இருபது எண்ணிக் கசப்பின் ஏற்றஇறக்கத்தைப் பின்தொடருங்கள். நல்ல பில்ஸில் கசப்பு நிமிர்ந்து நிற்கும், பிறகு சுத்தமாகத் தேய்ந்து அடுத்த வாயைக் கேட்கும். அப்போது நாக்கால் ஈறைத் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் துவர்ப்பு.

மூன்றில் ஒரு பங்கைக் கிளாஸில் மிச்சம் வைத்து, கையில் பிடித்துச் சூடேற்றிப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சுவையுங்கள். குளிரில் ஒளிந்திருந்த குறைகள் எல்லாம் 12 டிகிரிக்கு மேல் வெளியே வந்துவிடும். நல்ல லாகர் இந்தச் சூட்டிலும் முகம் சுளிக்க வைக்காது.

பல லாகர்களைச் சுவைப்பதாக இருந்தால் கசப்புக் குறைந்ததிலிருந்து மேலே போங்கள். கசப்பு நாக்கில் சேர்ந்துகொண்டே வரும், நான்காவதுக்கு மேல் உங்கள் தீர்ப்பை நீங்களே நம்ப முடியாது. காரமான மீன் வறுவலை, லாகர்களைச் சுவைத்து முடித்த பிறகே வரவழையுங்கள். மிளகாயும் ஹாப் கசப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடும்.

எது கெட்டது, ஏன் கெட்டது

நம் மாவட்டங்களில் அடிக்கடி சந்திக்கப் போவது பழசாகிப்போன பீரைத்தான், காரணம் வெயில். காய்ச்சுபவர்களிடம் 3, 30, 300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு: சுமார் 32 டிகிரியில் 3 நாள் இருந்தால் பீர் எவ்வளவு கெடுமோ, 22 டிகிரியில் 30 நாளும், 3 டிகிரியில் 300 நாளும் இருந்தால் அவ்வளவுதான் கெடும். சித்திரையில் தர்மபுரிக் கிடங்கில் கிடந்த அட்டைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். முதலில் போவது ஹாப் மணம். பின்னால் மழையில் நனைந்த அட்டை வாசனையும் தேன் போன்ற மந்த இனிப்பும் வரும். ஆகவே கேனின் அடியிலோ லேபிளிலோ தயாரித்த தேதியைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக, கடையில் குளிரில் இருந்ததாக எடுங்கள். நம்பாவிட்டால் உள்ளூரில் சட்டப்படி வாங்கிய ஏதாவது ஒரு லாகரில், ஒரே பேட்ச் எண் உள்ள இரண்டு கேனை எடுத்து, ஒன்றை ஃப்ரிட்ஜிலும் இன்னொன்றைப் பரண்மீதும் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்.

வெளிச்சம் அதைவிட வேகமாகக் கெடுக்கும். வெயில் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் உடைந்து, பூண்டும் சுட்ட ரப்பரும் கலந்ததுபோல் ஒரு வாடை வரும். பழுப்பு பாட்டில் நன்றாகக் காக்கும், பச்சையும் வெள்ளையும் காக்காது, கேனுக்குள் வெளிச்சமே புகாது. ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றி ஒன்றை நண்பகல் வெயிலில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது. மொட்டை மாடி மேசைகளில் நிழலைத் தேடி உட்காரச் சொல்வது இதனால்தான்.

தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் வாசனையும் நாக்கில் வழுவழுப்பும் இருந்தால் அது டயாசெட்டில் என்ற பொருள். ஈஸ்ட் முதலில் இதை உண்டாக்கும், பிறகு தானே தின்றுவிடும். அந்த வேலை முடியுமாறு கடைசியில் சூட்டை 15 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சில நாள் விடாமல் அவசரப்பட்டால் இப்படி ஆகும். டிரை ஹாப் செய்த பீரில் ஹாப்பின் நொதிகள் மிச்சச் சர்க்கரையை உடைத்து நொதித்தலை மீண்டும் கிளப்புவதாலும் வரும். வெண்ணெயோடு தயிர்ப் புளிப்பும் சேர்ந்தால் சந்தேகம் குழாயின்மேல். பீரைக் கிளாஸுக்குக் கொண்டுவரும் டிராஃப்ட் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும், கழுவாத குழாயில் பாக்டீரியா குடியேறும்.

மக்காச்சோளமோ முட்டைகோஸோ வேகும் வாசனை வந்தால் கொதி போதவில்லை. வெளிர் மால்ட்டிலிருந்து வரும் அந்தக் கந்தகப் பொருள், மூடி திறந்து நன்றாகத் தளதளவென்று கொதித்தால்தான் ஆவியாகும். பச்சை ஆப்பிள் வாசனை இளம் பீருக்கு அடையாளம். தீக்குச்சி உரசியது போன்ற மெல்லிய கந்தகம் லாகரில் குற்றமல்ல, இரண்டு நிமிடத்தில் கலைந்துவிடும். அவித்த முட்டையாக நின்றுவிட்டால் குற்றம். பழைய சீஸும் வியர்வைச் சாக்ஸும் நினைவுக்கு வந்தால் ஹாப்பைச் சரியாகச் சேமிக்கவில்லை.

துவர்ப்புக்கு வருவோம். மால்ட்டின் உமியை அளவுக்கு மீறிச் சூடான நீரில் அலசினால் துவர்ப்பு ஏறும், டீத்தூளை நெடுநேரம் ஊறவைத்ததுபோல. டிரை ஹாப்பின் அளவும் நேரமும் மிஞ்சினாலும் அப்படியே. இத்தாலியன் பில்ஸ் போன்றவற்றில் லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் போதும். ஐபிஏ என்ற ஹாப் மிகுந்த ஏல் வகையைக் காய்ச்சிய பழக்கத்தில் அதை இரட்டிப்பாக்கினால் வெட்டிய புல் வாசனையும் தொண்டையில் பொடி சிக்கியதுபோல் ஒரு எரிச்சலும் வரும். நிறைய ஹாப் என்பதைச் சாதனையாக விளம்பரம் செய்யும் லாகர்களில் இந்தக் கோளாறு அதிகம். ஐபிஏவின் கனமான மால்ட் அதைத் தாங்கும், லாகரின் ஒல்லி உடம்பு தாங்காது.

மூன்று கிளாஸ் சோதனை

கற்றது கைகூடியதா என்று பார்க்க இது ஒன்றே போதும். உங்களுக்குத் தெரியாமல் நண்பர் மூன்று ஒரே மாதிரிக் கிளாஸில் 50 மில்லி வீதம் ஊற்றட்டும். இரண்டில் ஒரே லாகர், ஒன்றில் வேறு. கிளாஸின் அடியில் எண் எழுதிய சீட்டு ஒட்டட்டும். எது ஒற்றை என்று சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரு வெற்றியை நம்பாதீர்கள். வேறு வேறு நாள்களில் ஐந்து முறை செய்து நான்கில் சரியாகச் சொன்னால் நாக்கும் மூக்கும் தேறிவிட்டன. ஒரே நாளில் ஐந்தும் செய்தால் 750 மில்லி ஆகிவிடும், வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதுங்கள். சூப்பர், சுமார் என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே பயன்படாது. இந்த அளவுக்குப் போதும்: பெயர், தயாரித்த தேதி, குடித்த தேதி, குளிர். ஊற்றியவுடன் தனியா, ஆரஞ்சுத் தோல். அடியில் மேரி பிஸ்கட். கசப்பு 4இல் ஏறி, 9இல் உச்சம், 16இல் தேய்ந்தது. ஈறு வழுவழுப்பு, துவர்ப்பு இல்லை. சூடானதும் செங்காய்த் தோல், லேசாகச் சோளம். இரண்டாவது கிளாஸ் கேட்கத் தோன்றியது.